பழுதுபார்க்க எத்தனை நாள் ஆகிறது? சராசரியை மட்டும் நம்பாதீர்கள்

கேள்வி: சில வாடகை வீடுகளைப் பராமரிக்கிறேன். என் கணக்கில் ஒரு பழுதைச் சரிசெய்யச் சராசரியாக 5 நாள் ஆகிறது. குடியிருப்பவர்களோ ரொம்பத் தாமதம் என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம். 10 புகார்களில் 8 ஒரே நாளிலும், ஒன்று 2 நாளிலும், ஒன்று 40 நாளிலும் முடிந்தால் சராசரி 5 நாள். ஆனால் 5 நாள் காத்திருந்தவர் அதில் ஒருவர்கூட இல்லை. நாட்களை ஏறுவரிசையில் எழுதி நடுவில் வருவதை எடுங்கள்; இங்கே அது 1 நாள். அந்த 40 நாள் புகாரைத் தனியாக ஆராயுங்கள். உங்கள் மேல் வரும் மனக்குறை பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும்.

ஒவ்வொரு புகாருக்கும் நான்கு நேரங்களைக் குறித்து வையுங்கள்: குடியிருப்பவர் சொன்னது, ஆள் வந்து பார்த்தது, வேலை முடிந்தது, சரியாகிவிட்டது என்று குடியிருப்பவர் உறுதிசெய்தது. போனில் சொன்னாலும் வாட்ஸ்அப்பில் சொன்னாலும் கணக்கு அந்த நிமிடமே தொடங்குகிறது. நீங்கள் பதிவேட்டில் எழுதிய நேரத்தில் அல்ல. முதல் இடைவெளி நீண்டால் பிளம்பரோ எலக்ட்ரீஷியனோ கிடைக்கவில்லை என்று பொருள். இரண்டாவது நீண்டால், உதிரிபாகம் வரவில்லை, அல்லது செலவுக்கு நீங்கள் சம்மதம் சொல்லத் தாமதித்திருக்கிறீர்கள். உதிரிபாகத்துக்குக் காத்திருந்த நாட்களைக் கழிக்க வேண்டாம். காரணத்தைப் பக்கத்தில் எழுதினால் போதும். ஒழுகும் கூரையின் கீழ் இருப்பவருக்கு அவையும் காத்திருந்த நாட்களே.

முடிந்த புகார்களை மட்டும் கணக்கிடுவது இன்னும் பெரிய பிழை. 3 மாதமாகக் கிடக்கும் பழுது, முடியும்வரை கணக்கிலேயே தெரியாது! மாதக் கடைசியில் முடியாதவற்றையும், ஒவ்வொன்றும் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதையும் தனியே பட்டியலிடுங்கள்.

அதே குழாய் 30 நாட்களுக்குள் மறுபடி ஒழுகினால் புதுப் புகார் போடாதீர்கள். பழைய தேதியிலிருந்தே கணக்கைத் தொடருங்கள்.

கேஸ் கசிவு, மின்கசிவு, கழிவுநீர் பொங்குவது போன்றவற்றை மணிக்கணக்கில், விடுமுறை நாளையும் சேர்த்து அளக்க வேண்டும். அலமாரிக் கீல் போன்றவற்றுக்கு நாள்கணக்கு போதும். இரண்டையும் ஒரே எண்ணில் கலக்காதீர்கள். எது அவசரம் என்பதைப் புகார் வந்ததுமே முடிவுசெய்யுங்கள்; தாமதமான பிறகு வகையை மாற்றினால் கணக்கு பொய்யாகிவிடும்.

வீடுகள் குறைவென்றால் மாதத்துக்கு 5, 6 புகார்களே வரும். ஒரே ஒரு புகார் நீண்டாலும் எண் தாறுமாறாகும் என்பதால் 3 மாதங்களைச் சேர்த்துப் பாருங்கள்.