காசநோய் ஊசி மற்ற கிருமிகளையும் தடுக்குமா?

கேள்வி: பிறந்த உடனே என் பேத்திக்கு பிசிஜி ஊசி போட்டார்கள். அது காசநோயை மட்டுமல்ல, சளி, நிமோனியா, கொவிட் எல்லாவற்றையும் தடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா? எனக்கு 66 வயது. நானும் போட்டுக்கொள்ளலாமா?
- வாசகி, ஈசூன்

பதில்: உங்களுக்கு வேண்டாம். பேத்திக்குப் போட்டது மிக நல்லது, ஆனால் அதை நம்பி அடுத்த ஊசிகளைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள்.

செய்தி ஒரேயடியாகப் பொய்யும் அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவ் நாட்டில், 2.5 கிலோவுக்கும் குறைவான எடையோடு பிறந்த குழந்தைகளுக்கு பிசிஜியைத் தாமதிக்காமல் போட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது முதல் மாத மரணம் 38 விழுக்காடு குறைந்திருந்தது. பிறந்த ஒரு மாதத்துக்குள் காசநோயால் இறப்பது அரிது. அப்படியானால் வேறு தொற்றுகளிலிருந்துதான் அந்தக் குழந்தைகள் தப்பியிருக்க வேண்டும்.

இது எப்படி நடக்கிறது? கிருமியோடு ஒட்டிக்கொண்டு அதை முடக்கும் புரதமான எதிர்ப்பொருளும், டி அணுக்கள் எனும் வெள்ளை அணுக்களும் தாம் சந்தித்த கிருமியைத்தான் நினைவில் வைக்கும். பிசிஜி அவற்றோடு நிற்காமல், எந்தக் கிருமி நுழைந்தாலும் முதலில் ஓடிவரும் மோனோசைட் அணுக்களையும் மாற்றிவிடுகிறது. அவற்றுக்குள் டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களில் வேதிக் குறிகள் மாறுவதால், அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் தயார் நிலையில் இருக்கின்றன. அடுத்து வருவது முற்றிலும் வேறு கிருமி என்றாலும் பதிலடி வேகமாக விழும். மோனோசைட் இரத்தத்தில் சில நாள்தான் வாழும். ஆனாலும் பலன் மாதக்கணக்கில் நீடிக்கக் காரணம், அவற்றை உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜைத் தண்டணுக்களிலும் இந்த மாற்றம் பதிவதுதான். நெதர்லாந்தின் மிஹாய் நெட்டெயா குழு 2011இல் இதற்குப் ‘பயிற்சி பெற்ற எதிர்ப்பாற்றல்’ என்று பெயர் வைத்தது. பிசிஜி போட்டு ஒரு மாதம் கழித்து மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் இரத்தத்தில், அந்தத் தடுப்பூசியில் உள்ள பலவீனப்படுத்திய கிருமி குறைவாகவே காணப்பட்டதாக, 2018இல் அதே குழுவினர் காட்டினார்கள்.

இனி மறுபக்கம். டென்மார்க்கில் 4,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் செய்த ஆய்வில், பிசிஜியால் மருத்துவமனையில் சேர்வது குறையவில்லை. ஐந்து நாடுகளில் ஏறத்தாழ 4,000 சுகாதார ஊழியர்களிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், கொவிட் குறையவில்லை. ஆக, தொற்று மலிந்த சூழலில் பிறக்கும் எடை குறைந்த குழந்தைக்குக் கிடைக்கும் பலன், சிங்கப்பூரில் வாழும் பெரியவருக்கும் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மேலும் பிசிஜி உயிருள்ள கிருமி. ஸ்டீராய்டு எடுப்பவர், கீமோதெரபி பெறுபவர் உடலில் அதுவே பரவக்கூடும். உங்கள் வயதுக்கு முக்கியமாக வேண்டியவை, நிமோனியாவுக்கு எதிரான நிமோகாக்கல் ஊசியும், ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் ஊசியும். பலதுறை மருந்தகத்தில் கேளுங்கள்.

கேள்வி: ஐந்து வாரக் குழந்தைக்கு பிசிஜி போட்ட இடத்தில் சீழ் கட்டியிருக்கிறது. மருந்து தடவலாமா?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: தடவ வேண்டாம், பிதுக்கவும் வேண்டாம். பிளாஸ்திரியும் ஒட்டாதீர்கள். இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் சிறு கட்டி எழும்பி, உடைந்து, பொருக்குத் தட்டி ஆறுவதுதான் இயல்பு. முழுதாக ஆற இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். தண்ணீர் பட்டால் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், போதும்.

பிசிஜியைத் தோலின் மேலடுக்குக்குள்தான் செலுத்த வேண்டும். பச்சிளங்குழந்தைக்கு அளவு 0.05 மில்லிலிட்டர். ஊசி தோலுக்கு அடியில் ஆழமாக இறங்கிவிட்டால் பெரிய சீழ்க்கட்டி வரும். புண் பெரிதாகிக்கொண்டே போனாலோ, அக்குளில் நெறி கட்டினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுகிறோம்: குடும்பத்தில் பிறவி எதிர்ப்பாற்றல் குறைபாடு யாருக்காவது இருந்தால், ஊசிக்கு முன்பே தாதியிடம் தெரிவித்துவிட வேண்டும்.

கேள்வி: தட்டம்மை வந்து போனால் உடம்பு உறுதியாகும் என்கிறார் மாமியார். ஊசியைத் தவிர்க்கலாமா?
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: கூடவே கூடாது. முன்பு சந்தித்த கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் எதிர்ப்பு அணுக்களையே தட்டம்மைக் கிருமி தேடிப் பிடித்து அழிக்கிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 பிள்ளைகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், நோய்க்குப் பிறகு மற்ற கிருமிகளுக்கு எதிரான எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை காணாமல் போயிருந்தன. அவற்றைத் திரும்பச் சேர்க்க அந்தப் பிள்ளைகள் அதே கிருமிகளை மறுபடி சந்தித்தாக வேண்டும். தடுப்பூசியால் இந்த இழப்பு வருவதில்லை. சிங்கப்பூரில் 12 மாதத்தில் முதல் ஊசி, 15 மாதத்தில் இரண்டாவது. தட்டம்மைத் தடுப்பூசி சட்டப்படியும் கட்டாயம். போட்டதற்கான பதிவை ஹெல்த்ஹப் செயலியில் சரிபாருங்கள்.

கேள்வி: ஒரு முறை டெங்கி வந்தவருக்கு மறுபடி வராதுதானே?
- வாசகர், தோ பாயோ

பதில்: வரும். டெங்கியில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்தால் அந்த வகைக்கு நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கும், மற்ற மூன்றுக்கும் சில மாதம்தான். அதன் பிறகு பழைய எதிர்ப்பொருள் புதிய வகையோடு ஒட்டிக்கொள்ளும், ஆனால் முடக்காது. அதையே பிடித்துக்கொண்டு கிருமி அணுக்களுக்குள் எளிதாக நுழைந்துவிடும். அதனால்தான் இரண்டாம் முறை வரும் டெங்கி கடுமையாகும் வாய்ப்பு அதிகம். காய்ச்சல் கண்டால் முன்பு டெங்கி வந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். பாரசிட்டமால் மட்டும் போதும், ஐபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் இறங்கும் நாள்களில்தான் கவனம் அதிகம் தேவை. வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.