இருபது டம்ளர் தேநீர் யார் கணக்கில்?

கேள்வி: எனக்கு வயது 28. குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், ஒன்பது பேரை வைத்து இரண்டு மாதமாக ஒரு நாடகத்துக்கு ஒத்திகை நடத்துகிறேன். அழைப்பிதழ் அடிக்கக்கூடக் காசில்லை. வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் காட்டிய வழியில், செலவே இல்லாமல் போட வேண்டும் என்பது என் பிடிவாதம். ஆனால் ஆறரை மணி என்றால் ஏழேகாலுக்குத்தான் ஆள் சேர்கிறது. தங்கள் காட்சி வரும்வரை செல்பேசியைப் பார்க்கிறார்கள். நாயகியாக நடிப்பவர், வீட்டில் சமைக்க வேண்டும் என்று எட்டரைக்கே கிளம்பிவிடுகிறார், ஈடுபாடே இல்லை. அம்மா இரண்டு முறை தேநீர் போட்டு மாடிக்குக் கொண்டுவரும்போதுதான் எல்லோரும் ஒன்றாக இருக்கிறார்கள். சம்பளம் கொடுக்காதவர்களிடம் கண்டிப்பை எப்படிக் கொண்டுவருவது?

பதில்: ஆள் வரவில்லை, வந்தவர் நிற்கவில்லை, நின்றவருக்கு வசனம் பாடமில்லை என்ற புலம்பல் எனக்குப் புதிதல்ல. ஆகையால் உங்கள் ஆர்வத்தைப் பாராட்டும் வேலையை விட்டுவிட்டு, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தத் தேநீருக்கே வருகிறேன். உங்களையும் சேர்த்துப் பத்துப் பேர், இரண்டு முறை என்றால், ஒரு மாலைக்கு இருபது டம்ளர். பால், சர்க்கரை, சிலிண்டர், தட்டைத் தூக்கிக்கொண்டு ஏறும் மாடிப்படி, எல்லோரும் போன பிறகு தொட்டியில் கிடக்கும் டம்ளர்கள் ஆகியவற்றை யார் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள்? செலவே இல்லை என்று நீங்கள் மார்தட்டிக்கொள்ளும் நாடகத்துக்கு ஒரு தயாரிப்பாளர் இருக்கிறார். அவர் கீழே அடுப்படியில் நிற்கிறார். அவருக்குச் சம்மதமா என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை.

பாதல் சர்க்காரை வேறு துணைக்கு அழைத்திருக்கிறீர்கள். 1967-இல் கொல்கத்தாவில் சதாப்தி குழுவைத் தொடங்கிய அவர், பிற்பாடு மூன்றாம் அரங்கு என்று பேசியபோது, உயர்ந்த மேடை, ஒளியமைப்பு, காட்சி ஜோடனை ஆகியவற்றை உதறிவிட்டு, நடிகரின் உடலையும் குரலையும் பார்வையாளரின் அருகாமையையும் நம்பினார். காண வந்தவர்கள் விரும்பிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டார். எது வேண்டாம் என்று யோசித்து நீக்கிய சிக்கனம் அது. செலவை மறைத்து அம்மாவின் தலையில் கட்டுவதற்கு அவர் பெயரை எடுக்காதீர்கள். சிறுவர்களையே நடிகர்களாக வைத்து நாடகம் போட்ட நம் ஊர்ப் பழைய பாலர் சபைகளில்கூட, பையன்களை எவ்வளவு கடுமையாக வேலை வாங்கினாலும், கம்பெனி வீட்டில் கம்பெனிச் சோறு போட்டார்கள்.

இதைவிட உறுத்துவது ஒன்று உண்டு. உங்கள் தாய் அடுப்படியில் நிற்பது உங்களுக்கு இயல்பாகத் தெரிகிறது. இன்னொரு வீட்டுப் பெண் தன் அடுப்படிக்கு ஓடினால் ஈடுபாடு இல்லை என்கிறீர்கள். அவர் அப்படி ஓட வேண்டியிருப்பது சரி என்று நான் சொல்லவில்லை. ஒத்திகை நாள்களில் அந்த வீட்டு ஆண்கள் உலை வைக்கட்டும் என்பதே என் கட்சி. ஆனால் அதை அவர் தன் வீட்டில் பேசித் தீர்க்கும்வரை, எட்டரை மணி என்பது உங்களுக்குச் சட்டம். பெற்றவளுக்கும் கூட உழைப்பவர்களுக்கும் பட்ட கடனை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டுக் கலை வளர்க்கிறவர்களிடம் எனக்கு மதிப்பில்லை, தம்பி. பழைய பஞ்சாங்கம் என்று சொன்னாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

கண்டிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். ஒன்பது பேரையும் ஆறரைக்கு வரச்சொல்லி, இரண்டு பேர் காட்சியை ஒரு மணி நேரம் ஓட்டினால், கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் மற்ற ஏழு பேர் செல்பேசியைப் பார்க்காமல் வேறு என்ன செய்வார்கள்? மறுநாள் தாமதமாக வருவதற்கு நீங்களே அவர்களைப் பழக்குகிறீர்கள். நாடகத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியில் யார் யார் என்று ஒரு தாளில் கட்டம் போட்டு, அன்றன்றைக்குத் தேவையானவர்களை மட்டும் அழையுங்கள். நாயகியின் காட்சிகளை எட்டரைக்குள் முடித்துவிட்டு, அவர் இல்லாத காட்சிகளைப் பிறகு எடுங்கள். ஆறரைக்கு ஒருவர்தான் வந்திருக்கிறார் என்றாலும், அவருடைய நீண்ட வசனம் ஒன்றை எடுத்துத் தொடங்கிவிடுங்கள்; ஏழேகாலுக்கு வருகிறவர், தனக்காக யாரும் காத்திருக்கவில்லை என்பதைப் பார்க்கட்டும். எந்தத் தேதிக்குப் பிறகு கையில் வசனத் தாள் இருக்கக் கூடாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். முழு ஓட்டத்தைக் கடைசி வாரங்களின் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளுக்கு வைத்தால், வேலைக்குப் போகிறவர்களும் வந்து சேர்வார்கள்.

இன்றிரவே அம்மாவிடம் உட்கார்ந்து இரண்டு மாதப் பால் கணக்கைக் கேட்டு, ஒரு நோட்டில் எழுதுங்கள். நாளை முதல் தேநீர் போடுவதும் டம்ளர் கழுவுவதும் குழுவுக்கு முறைவேலை. முதல் முறை இயக்குநருடையது. (நீங்கள் போடும் தேநீர் வாயில் வைக்க முடியாமல் இருந்தால், இடைவேளையாவது சீக்கிரம் முடியும்.) நாடகம் முடிந்ததும் துண்டேந்தி, அதில் விழும் பணத்தில் முதலில் அந்த நோட்டுக் கணக்கை அடையுங்கள். அழைப்பிதழில் ‘அம்மாவுக்கு நன்றி’ என்று ஒரு வரி போட்டுக் கழித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அதை அடிக்கவும் காசில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.