விலை குறைந்த இத்தாலிய ஒயின்கள்: சில கேள்விகள், சில பதில்கள்

பரோலோவைச் சுவைக்க ஆசை. ஆனால் விலை கட்டுப்படியாகவில்லை. வேறு எதில் தொடங்கலாம்?

பரோலோ, வட இத்தாலியின் பியெமோந்தே மாநிலத்தில் நெபியோலோ என்ற திராட்சையிலிருந்து செய்யும் சிவப்பு ஒயின். அதன் விலைக்குப் புகழ் மட்டும் காரணமன்று. குறைந்தது 38 மாதங்கள், அவற்றில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில், முதிரவைத்த பிறகே அதை விற்கலாம் என்பது விதி. போட்ட முதல் அத்தனை காலம் முடங்கிக் கிடப்பதற்கும் சேர்த்துத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். அதே பியெமோந்தே மாநிலத்தில், அதே நெபியோலோ திராட்சையிலிருந்து, இவ்வளவு நீண்ட காத்திருப்பு இல்லாமல் தயாராகும் லாங்கே நெபியோலோ கணிசமாக விலை குறைந்தது. அதைவிடவும் மலிவாக வேண்டுமென்றால் பார்பெரா என்ற திராட்சையில் செய்யும் பார்பெரா தாஸ்தி இருக்கிறது; இத்தாலியக் கடைகளில் 10 யூரோவுக்குள்ளேயே நல்ல புட்டிகள் கிடைக்கும். புகழ்பெற்ற பெயரில் ஆக மலிவான புட்டியைத் தேடுவதைவிட, புகழ் குறைந்த பெயரில் அக்கறையோடு செய்த புட்டியைத் தேடுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

மோன்தெபுல்சியானோ என்று அச்சிட்ட இரண்டு புட்டிகளைப் பார்த்தேன். ஒன்றின் விலை மற்றதைப் போல் மும்மடங்கு. ஏன்?

அவை இரண்டும் வெவ்வேறு ஒயின்கள். விலை குறைந்தது அப்ருட்சோ மாநிலத்தில் மோன்தெபுல்சியானோ என்ற திராட்சையிலிருந்து செய்யப்பட்டதாக இருக்கும். விலை கூடியது தொஸ்கானா மாநிலத்தில் அதே பெயருடைய ஊரின் ‘வீனோ நோபிலே’. அதன் முதன்மைத் திராட்சை சாஞ்சொவேசே. அப்ருட்சோ ஒயினைத் தயங்காமல் வாங்குங்கள். அடர்ந்த நிறமும் கரும்பழச் சுவையும் கொண்ட அது, வறுத்த ஆட்டிறைச்சிக்கு நன்றாகப் பொருந்தும்.

கழுத்தில் டி.ஓ.சி.ஜி. முத்திரைத் தாள் ஒட்டிய புட்டி என்றால் நம்பி வாங்கலாமா?

டி.ஓ.சி.ஜி. என்பது இத்தாலிய ஒயின் தரவகைகளில் மேல்நிலை; அதற்கு அடுத்தது டி.ஓ.சி. எண் அச்சிட்ட அந்தத் தாள், ஒயின் எந்த நிலப்பகுதியில் எந்தத் திராட்சையிலிருந்து எந்த விதிப்படி செய்யப்பட்டது என்பதற்குச் சான்று. உங்கள் நாவுக்குப் பிடிக்கும் என்பதற்குச் சான்றன்று. 1963-இல் டி.ஓ.சி. விதிகள் வந்த பிறகும், தொஸ்கானாவின் சஸ்ஸிகாயா போன்ற உயர்ந்த ஒயின்கள், விதியில் இடம்பெறாத திராட்சைகளைப் பயன்படுத்தியதால் பல ஆண்டுகள் கடைநிலையான வெறும் மேசை ஒயின் என்ற பெயரிலேயே விற்கப்பட்டன. அந்த முரணைத் தீர்க்கவே 1992-இல் ஐ.ஜி.டி. என்ற, விதிகள் தளர்ந்த பிரிவு உருவானது. எனவே ஐ.ஜி.டி. என்று கண்டதும் ஒதுக்கிவிடாதீர்கள்.

எக்ஸ்ட்ரா டிரை என்று எழுதியிருந்த ப்ரொசெக்கோ என்ற நுரைக்கும் ஒயின் இனித்தது. புட்டி கெட்டுவிட்டதா?

இல்லை. டிரை என்றால் இனிப்பற்றது என்று பொருள்பட்டாலும், எக்ஸ்ட்ரா டிரை என்பதில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் வரை சர்க்கரை இருக்கும். வெறும் டிரை என்றால் 17 முதல் 32 கிராம் வரை. இனிப்பு வேண்டாமென்றால் ப்ரூட் என்று எழுதியதை வாங்குங்கள்.

எனக்கு எல்லாச் சிவப்பு ஒயினும் ஒன்றுபோலவே தெரிகின்றன. வேறுபாட்டைக் கண்டுகொள்வது எப்படி?

ஒரே நேரத்தில் இரண்டு புட்டிகளைத் திறப்பதே வழி. அதனால்தான் நண்பர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து வாங்கச் சொல்கிறேன். லாங்கே நெபியோலோவையும் பார்பெராவையும் அருகருகே ஊற்றி, வெள்ளைத் தாளின் மேல் கோப்பைகளைச் சாய்த்துப் பாருங்கள். நெபியோலோ வெளிறி, விளிம்பில் செங்கல் நிறம் காட்டக்கூடும். பார்பெரா ஊதா கலந்த அடர்சிவப்பாக இருக்கும். நிறத்தைப் பார்த்து எது வலுவானது என்று ஊகித்துவிட்டு ஒரு வாய் அருந்தினால் ஊகம் கவிழும். வெளிறிய நெபியோலோதான் ஈறுகளை இறுகப் பிடித்துத் துவர்க்கும். ஏனெனில் அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் உமிழ்நீரின் புரதங்களோடு சேர்ந்து வாயை உலர்த்துகிறது. பார்பெராவில் துவர்ப்பு குறைவு, புளிப்பு அதிகம். நாவின் இரு பக்கங்களிலும் நீர் சுரப்பதை உடனே உணர்வீர்கள். பிறகு ஒரு துண்டு பர்மஜானோ பாலாடைக்கட்டியைத் தின்றுவிட்டு நெபியோலோவுக்குத் திரும்புங்கள். சற்றுமுன் முரண்டு பிடித்த துவர்ப்பு தணிந்து, உள்ளிருந்த பழச்சுவை மேலெழும். சூட்டையும் கவனியுங்கள்: 18 பாகைக்கு மேல் போனால் சாராய நெடி முந்திக்கொள்ளும், ஆகவே வெப்பமான அறையென்றால் சிவப்பு ஒயினையும் 20 நிமிடம் குளிர்பெட்டியில் வையுங்கள்.

பலெர்மோவில் வசிக்கிறோம். வீட்டில் காரமான மீன்குழம்புதான். உள்ளூர் ஒயின் எதுவும் பொருந்துமா அண்ணா?

துவர்ப்பும் சாராய அளவும் கூடிய ஒயின், மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். ஆகவே சாராய அளவு 14 விழுக்காட்டைத் தாண்டும் நேரோ தாவோலா என்ற சிசிலியச் சிவப்பு ஒயின் வேண்டாம் தம்பி. உங்கள் மேற்குச் சிசிலியிலேயே விளையும் கிரில்லோ என்ற வெள்ளை ஒயினை நன்கு குளிரவைத்துப் பாருங்கள். சிவப்புதான் வேண்டுமென்றால், தென்கிழக்கே வித்தோரியா பகுதியின் ஃப்ராப்பாத்தோ துவர்ப்புக் குறைந்தது; அதையும் சற்றே குளிரவைத்து அருந்தலாம்.

திறந்த புட்டியை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

தக்கையை இறுக அடைத்து, சிவப்பானாலும் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் வரை தாங்கும். அதற்கு மேல் மிஞ்சியதைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.