கடைக் கணினிக்கு எந்த இயங்குதளம்?

கேள்வி: கும்பகோணத்தில் பதினைந்து ஆண்டுகளாகத் திருமண அழைப்பிதழ்களும் குடமுழுக்குப் பத்திரிகைகளும் கோரல் டிராவில் வடிவமைத்து வருகிறேன். 2016இல் வாங்கிய கடைக் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்க மறுக்கிறது. லினக்ஸுக்கு மாறச் சொல்கிறார் ஒரு நண்பர். மேக் வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். கல்லூரிப் பாடத்துக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் என் மகளும் இதே கணினியைத்தான் நம்பியிருக்கிறாள். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: தங்கள் கணினியில் பழுதொன்றும் இல்லை. இன்டெல் செயலியென்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாததையே விண்டோஸ் 11 கேட்கிறது. 2016இல் அப்படியொரு செயலி விற்பனைக்கே வரவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை, மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டதால், அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதை இனித் தவிர்ப்பது நல்லது.

ஆனால் தங்கள் முதல் கவலை பழைய கோப்புகளாகவே இருக்க வேண்டும். மூத்த மகளுக்கு அழைப்பிதழ் அடித்த குடும்பம் இளையவளுக்கும் “அதே மாதிரி” கேட்டு வரும்போது கோரல் டிரா கோப்பு பிசகாமல் திறந்தாக வேண்டும். இன்றைய கோரல் டிராவுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. லினக்ஸில் இயங்கும் வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப் அக்கோப்புகளைத் திறக்கும் என்பது உண்மையே. நான் ஒன்றைத் திறந்து பார்த்தபோது முகூர்த்த நேரம் நழுவி, மணமகனின் தந்தை பெயருக்கு அடியில் போய் நின்றது. ஆகவே கடைக்கு விண்டோஸ்தான். 16 ஜிபி நினைவகமுள்ள புதிய கணினி ஒன்றை வாங்கிவிடுங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களின் சிக்கல் வேறு. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பதால், அவற்றில் அடித்ததை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் எந்த இயங்குதளத்திலும் ஆங்கிலக் குப்பையாகவே தெரியும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசே 2010இல் ஏற்றுக்கொண்டுவிட்ட நிலையில், புதிய வேலைகளையேனும் யூனிகோடில் தொடங்குங்கள்.

பழைய கணினியை மகளுக்குக் கொடுத்து, அதில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் நிறுவலாம். பாட வேலைக்கு லிப்ரே ஆபிஸும், வரைவதற்குக் கிரிட்டாவும், வீடியோவுக்குக் கேடென்லைவும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆப்பிளின் வீடியோ எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் புரோவை மகள் கற்றே தீர வேண்டும் என்றால் மட்டும் மேக் வாங்குங்கள். கோரல் டிரா 2019 முதல் மேக்கிலும் உண்டு என்றாலும், ஒரு கடைக்காக அவ்வளவு செலவு செய்ய நான் சொல்லமாட்டேன்.

லினக்ஸ் மின்ட்டை முதலில் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். வன்தட்டில் எதுவும் மாறாது. பிடித்துப்போய் நிறுவுவதென்றால், கோப்புகள் அனைத்தையும் வெளி வன்தட்டில் நகலெடுத்த பிறகு, முகூர்த்தமில்லாத ஆடி மாதத்தில் அந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.