தனியாகத் தரகு அலுவலகம் தொடங்கும் முன்

இன்னொரு நிறுவனத்தில் ஏஜென்டாக இருந்தவர் நீங்கள். இப்போது சொந்தமாக ரியல் எஸ்டேட் தரகு தொடங்க, கையிருப்பை முதலில் அலுவலகத்தில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கமிஷன் பெரும்பாலும் பத்திரப்பதிவு முடிந்த பிறகுதான் வரும். அதுவரை விளம்பரம், வாடகை, சம்பளம் எல்லாம் உங்கள் கையிலிருந்துதான் போகும். வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்காமல் போனால் முடிந்ததாக நினைத்த பேரமும் கலையும். ஆறு மாதச் செலவையாவது ஒதுக்கி வையுங்கள்.

அப்புறம், பழைய நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தை நிதானமாகப் படியுங்கள். பாதியில் நிற்கும் பேரங்களின் கமிஷன் யாருக்கு, அங்கே அறிமுகமான வாடிக்கையாளர்களை நீங்கள் அழைக்கலாமா, இரண்டும் முக்கியம். உரிமத்தையும் விசாரியுங்கள், பல இடங்களில் ஏஜென்ட் உரிமம் மட்டும் நிறுவனம் நடத்தப் போதாது. வாடிக்கையாளர் தரும் முன்பணத்தைத் தயவுசெய்து உங்கள் கணக்கில் கலக்காதீர்கள், அதற்குத் தனிக் கணக்கு வேண்டும்.