கண்ணாடியில் தீட்டிய முருகன் ஏன் உரிந்து வந்தார்?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டிய பலகை வீட்டில் இருக்கிறோம். சாமி மேடையில் வைக்க, ஏ4 அளவுக் கண்ணாடியின் முன்பக்கத்தில் அக்ரிலிக் சாயத்தால் முருகன் படம் வரைந்தேன். மூன்றே வாரத்தில் மயில் தோகை தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது. மேலே அடித்த வார்னிஷ் ஸ்பிரேயும் வெள்ளை பூத்துவிட்டது. பின்பக்கத்தில்தான் வரைய வேண்டுமா? எந்தச் சாயம் நிற்கும்? தீபாவளிக்குக் கண்ணாடி ஜாடிகளிலும் வரைந்து உள்ளே விளக்கு ஏற்ற ஆசை.

பதில்: தோலாக உரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு எங்கே என்று அதிலேயே தெரிகிறது. பலகையும் சுவரும் சாயத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடி ஒரு துளியும் உறிஞ்சாது. அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் தாள் போல் ஆகி, கண்ணாடிமேல் வெறுமனே ஒட்டிக்கொண்டு நிற்கும். இடையில் விரல் எண்ணெயோ சாம்பிராணிப் புகையின் பிசுக்கோ இருந்தால், ஒரு மூலை கிளம்பியதும் முழுவதும் கையோடு வந்துவிடும். சாமி மேடைக்குப் பக்கத்தில் பல நாள் சாய்த்து வைத்திருந்த கண்ணாடியில் அந்தப் பிசுக்கு இல்லாமல் இருக்காது.

வார்னிஷ் வெளுத்ததற்குக் காரணம் மழை. ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு சட்டென்று குளிர்கிறது. காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து வார்னிஷுக்குள் சிக்கிக்கொள்கிறது. பிற்பகல் மழை பிடிக்கும் மாதங்களில் ஸ்பிரே வேலையைக் காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய படத்தை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற முயல வேண்டாம். வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, சவர பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினால் கண்ணாடி மிஞ்சும். பிறகு அதே சோப்பால் கழுவி, நூல் விடாத துணியால் துடையுங்கள். கடைசியாக, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடையுங்கள். கைக்குத் தடவும் சானிடைசர் ஜெல் கூடாது. அதில் உள்ள கிளிசரின் படலமாகத் தங்கிவிடும். சுத்தமானதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். விரிந்து பரவினால் சரி. முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. அதன்பின் கண்ணாடியை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். வரையும்போது உள்ளங்கைக்கு அடியில் ஒரு காகிதம் இருக்கட்டும்.

இனி, முன்பக்கமா பின்பக்கமா? சட்டம் போடும் படமென்றால் பின்பக்கம்தான். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியங்கள் எல்லாம் அப்படித் தீட்டியவையே. இந்த முறை 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. சாயத்துக்குக் கண்ணாடியே கவசம். புகை படிந்தாலும் முன்பக்கத்தைத் துடைத்துக்கொள்ளலாம். வார்னிஷே தேவையில்லை.

ஆனால் வேலை முழுக்கத் தலைகீழ். கோயில் சிற்பத்துக்குக் கடைசியாகத்தான் கண் திறப்பார்கள். இங்கே கண்தான் முதலில். கண்ணின் ஒளிப் புள்ளியை வெள்ளையில் வைத்து, காய்ந்ததும் அதன்மேல் கருமணி, அப்புறம் வெண்விழி, அதற்குப் பிறகே முகத்தின் நிறம். கோடுகள், நகைப் புள்ளிகள், திருநீற்றுப் பட்டை எல்லாம் முதல் நாள் வேலை. கன்னத்தின் நிழல், துணி மடிப்பு அடுத்து. உடல், உடை, மயில் ஆகியவற்றின் அடிநிறம் அதற்கும் பிறகு. பின்னணி கடைசி. நெற்றியில் திருநீறு இட மறந்து முகத்தை நிரப்பிவிட்டால், அப்புறம் இட முடியாது, சுரண்டத்தான் வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் கண்ணாடியைத் திருப்பிப் பாருங்கள்.

இடம் வலமும் மாறும். படத்தை அப்படியே கீழே வைத்து நகலெடுத்தால், வலக்கை வேல் இடக்கைக்குப் போய்விடும், ‘ஓம்’ எழுத்தும் புரண்டு நிற்கும். மெல்லிய தாளில் படத்தை எடுத்து, அந்தத் தாளைக் கவிழ்த்துக் கண்ணாடிக்கு அடியில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

சாயத்துக்கு, ஹார்ட்வேர் கடையில் இரும்புக்கும் மரத்துக்கும் விற்கும் எண்ணெய் எனாமலின் ஆகச் சிறிய டின்னே போதும். ஏ4 அளவை ஒருமுறை பூச 6 மில்லிலிட்டர் அளவில்தான் செலவாகும். அதற்கு மேல் போகிறதென்றால் தடிப்பாகப் பூசுகிறீர்கள். தடித்த பூச்சு மேலே காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும். மெல்லிதாக இரண்டு முறை பூசுங்கள், இடையில் 24 மணி நேரம் விடுங்கள். அடைமழை என்றால் இரண்டு நாள். அவசரப்பட்டால் மேல்பூச்சின் கரைப்பான் அடிப்பூச்சை இளக்கி, சுருக்கம் விழவைக்கும். கோட்டுக்கு 0 அல்லது 00 எண் தூரிகையும், சில சொட்டு டர்பன்டைன் விட்டு இளக்கிய கறுப்பு எனாமலும். மார்க்கர் பேனா வசதிதான், ஆனால் எனாமல் பட்டதும் அதன் மை கரைந்து ஓடும். டர்பன்டைன், தின்னர் புழங்கும் நேரத்தில் சாமி விளக்கு பக்கத்தில் எரியக் கூடாது. சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

வேலும் கிரீடமும் மின்ன வேண்டுமானால், அந்த இடத்தில் எனாமல் பூசாமல், ஒளி ஊடுருவும் கண்ணாடிச் சாயத்தை மஞ்சளில் ஒரு பூச்சு கொடுங்கள். சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, லேசாக விரித்து, பளபளப்பான பக்கம் கண்ணாடியைப் பார்க்க அதன் பின்னால் வையுங்கள். தங்கச் சாயத்தை விட இது எடுப்பாக இருக்கும் என்பது எங்கள் கட்சி.

சட்டம் போட ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை பொறுங்கள். பின்னட்டை சாயத்தை நேரடியாகத் தொட்டால், நம் ஊர் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பூசணமும் பிடிக்கும். நான்கு ஓரத்திலும் 3 மில்லிமீட்டர் அட்டைப் பட்டை வைத்து இடைவெளி விடுங்கள். கண்ணாடி 3 மில்லிமீட்டர் தடிப்பு போதும். ஓரத்தைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். பழகிப் பார்க்க, கழற்றிப் போட்ட நாக்கோ சன்னல் (பட்டை பட்டையாகச் சாய்த்துத் திறக்கும் சன்னல்) கண்ணாடி இருந்தால் அதுவே மேல்.

ஜாடிகளுக்கு இந்த எனாமல் வேண்டாம். கைவினைக் கடையில் அடுப்பில் சுடும் வகை, நீரில் கரையும் கண்ணாடிச் சாயம் கேட்டு வாங்குங்கள். வெளிப்பக்கத்தில் மட்டும் தீட்டி, 24 மணி நேரம் காயவிடுங்கள். ஈரத்தோடு சுட்டால் கொப்புளம் எழும். குளிர்ந்த ‘அவன்’ (oven) அடுப்புக்குள் வைத்த பிறகே சூட்டை ஏற்ற வேண்டும். பலவற்றுக்கு 160 பாகை செல்சியஸ், அந்தச் சூட்டை எட்டியபின் 40 நிமிடம் என்று கணக்கு. சில வகைகளுக்கு வேறு, குப்பியில் எழுதியிருப்பதே கடைசி வார்த்தை. அணைத்த பிறகு கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிடுங்கள். சூடான ஜாடியைச் சிமெண்டுத் தரையில் வைத்தால் விரிசல் விடும். விளக்கு ஏற்றும்போது சுடர் ஜாடியின் சுவரைத் தொடாதபடி அகல வாய் ஜாடியாகப் பாருங்கள், அடியில் ஒரு விரற்கடை மணல் போட்டு நடுவில் அகலை வையுங்கள்.