நுரை தள்ளிய குதிரையும் மரதன் ஓடும் மகனும்

அன்புள்ள ஐயா,

கடந்த சித்திரை விடுமுறையில் நுவரெலியாவில் முதன்முறையாகக் குதிரைப் பந்தயம் பார்த்தேன். கூட்டத்தோடு நானும் எழுந்து நின்று கத்தினேன். ஆனால் ஓடி முடித்துத் திரும்பிய குதிரையொன்றின் கழுத்தில் வெண்ணுரை படிந்திருந்ததையும், அதன் விலா ஏறி இறங்கியதையும் கிட்ட நின்று கண்டபோது கத்தியதற்காக வெட்கப்பட்டேன். இப்போது என் மகன் இல்ல விளையாட்டுப் போட்டியின் மரதன் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். குதிரைக்காக வருந்திய நான் மகனைக் கைதட்டி ஓடவிடலாமா?

ஒரு தாய், களுவாஞ்சிகுடி

அன்புள்ள சகோதரிக்கு,

கத்தியதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. மரதன் ஓட்டம் நடக்கும் காலையில் நம் ஊர் வீதிகள் எப்படியிருக்கும் என்பதை நீங்களும் அறிவீர்கள். கூடவே சைக்கிள் மிதித்து வரும் நண்பர்களின் கூச்சல் முதலில் கேட்கும். வாளியோடும் வெட்டிய தேசிக்காயோடும் படலையடியில் நிற்கும் பெண்கள், வருகிறவன் எந்த இல்லம், யார் வீட்டுப் பிள்ளை என்று பாராமல் எல்லார் தலையிலும் தண்ணீர் ஊற்றுவார்கள். வெறுங்காலோடு தார் வீதியில் வரும் பையனின் முகத்தில், ஊரே தனக்காக வெளியில் வந்து நிற்கிறது என்ற பெருமிதம் தெரியும். வகுப்பில் ஒருபோதும் பாராட்டப்படாத பிள்ளைகளின் முகத்தில் அதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பயத்தைக் காரணம் காட்டி அதைப் பறிக்க நான் உடன்படமாட்டேன்.

நீங்கள் கண்ட நுரை வேதனையின் அடையாளமன்று. குதிரையின் வியர்வையில் சவர்க்காரம் போல நுரைக்கும் புரதம் ஒன்று உண்டு. அது அடர்ந்த மயிரினூடே வியர்வையைப் பரப்பி, ஆவியாக உதவுகிறது. நாய் மூச்சிளைத்துத்தான் தன் சூட்டைத் தணிக்கிறது. மனிதனும் குதிரையுமோ வியர்த்துத் தணிக்கிறவர்கள். ஆனால் வியர்வை வழிந்தால் மட்டும் போதாது, அது ஆவியாக வேண்டும். 1912 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக் மரதனில் விழுந்து மறுநாள் இறந்த போர்த்துக்கல் வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ, வெயிலுக்கு அஞ்சி உடலில் பூசியிருந்த பூச்சே வியர்வையை அடைத்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது. ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாகக் கிடக்கும் எழுவான்கரையில் காற்றின் ஈரமே அந்தப் பூச்சின் வேலையைச் செய்துவிடும். ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்துக் குளிரில் ஓடிய அந்தக் குதிரையைவிட, பங்குனி வெயிலில் நம் வீதியில் ஓடும் பிள்ளைக்கே வெப்பத்தால் வரும் ஆபத்து அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

குதிரைக்குப் பெரிய ஆபத்து காலில் இருக்கிறது. ஏறத்தாழ 500 கிலோ உடலை, கீழ்ப்பகுதியில் தசையே இல்லாத மெல்லிய கால்கள் சுமக்கின்றன. ஒன்று முறிந்தால் சுமையேற்கும் மற்றக் காலின் குளம்பும் பழுதாகிவிடக்கூடும். 2006இல் அமெரிக்காவின் பிரீக்னஸ் பந்தயத்தில் பின்னங்கால் முறிந்த பார்பரோ என்ற குதிரையை எட்டு மாதம் வைத்தியம் பார்த்தும் காப்பாற்ற முடியவில்லை.

ஆயினும் குதிரையோட்டத்தில் நாம் கற்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 160 கிலோமீற்றர் வரை செல்லும் நெடுந்தூரக் குதிரையோட்டங்களில் பாதையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் மிருக வைத்தியரை நிறுத்துகிறார்கள். குறித்த நேரத்துக்குள் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 64 அளவுக்கு இறங்காவிட்டால், முதலாவதாக வந்த குதிரையாயினும் அதைப் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். குதிரை தானாக நிற்காது என்பதை அறிந்து செய்த ஏற்பாடு அது. பதினாறு வயதுப் பிள்ளையும் தானாக நிற்காது.

என் பாடசாலைக் காலத்தில் எனக்கு முன்னால் ஓடிய ஒருவன், முடிவுக்கு அரை மைல் இருக்கையில், வீதியின் நடுவுக்கும் ஓரத்துக்குமாக அலையத் தொடங்கினான். "விடாத, ஓடு" என்று எல்லாரும் கத்தினார்கள். பின்னால் வந்த நானும் கத்தினேன். படலையடியில் நின்ற மூதாட்டி ஒருவர் மட்டும் அவன் கையைப் பிடித்து, "மனே, நீ எந்த ஊர்?" என்று கேட்டார். அவன் தன் தாயின் பெயரைச் சொன்னான். அவர் வேறெதுவும் கேட்காமல் அவனைக் கிணற்றடியில் இருத்தி, பேச்சுத் தெளியும்வரை வாளி வாளியாக அள்ளி ஊற்றினார். உடலின் உட்சூடு 40 பாகை செல்சியசைக் கடந்து, புத்தி தடுமாறும்போது, முதலில் குளிர்வித்துப் பிறகு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று இன்று மருத்துவம் சொல்வதை அவர் அன்றே செய்தார்.

மகனை ஓடவிடுங்கள். காய்ச்சலிலிருந்து இப்போதுதான் எழும்பியவனாக இருந்தால், அல்லது ஓடும்போது ஒருமுறையேனும் நெஞ்சு நோவோ மயக்கமோ வந்திருந்தால், வைத்தியரிடம் காட்டாமல் விடவேண்டாம். ஓட்டத்தை விடிந்தவுடனேயே தொடங்கும்படி மற்றப் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு பாடசாலையில் கேளுங்கள். அன்று முடிவுக் கோட்டருகில் நிற்காமல், கடைசி ஒரு மைலுக்குள் கிணறுள்ள வீடொன்றின் படலையடியில் வாளியோடு நில்லுங்கள். தள்ளாடி வரும் எந்தப் பிள்ளையையும் மறித்து, பெயரைக் கேளுங்கள்.